சொன்ன தெருவிலேயே

அவர் ஒலிபெருக்கியில் தன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. "அறிவிக்கறவன் பேரு யாருக்கு வோணும்?" என்பார். அதனால் நானும் இங்கே அந்தப் பெயரை எழுதவில்லை. ஒரே ஒரு நாள் அதை ஊரறியச் சொன்னேன். அது கடைசியில் வரும்.

தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டை ஒட்டி அவருடைய மைக்செட் கடை. இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஆறு ஹாரன் ஸ்பீக்கர், மூட்டை மூட்டையாக ஒயர், கூரைமேல் ஹாரன் கட்டிய ஓர் ஆட்டோ. யாராவது இறந்தால், கோயிலில் கூழ் ஊற்றினால், நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்றால், அவர்தான் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வார். நான் ஆட்டோ ஓட்டினேன். பதினாலு வருஷம் ஓட்டினேன். பின்சீட்டில் அவர் மைக்கோடு உட்கார்ந்திருப்பார். முன்னால் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட என் பெயரை என் மாமாதான் சொன்னார். ஊருக்கெல்லாம் என் முதுகு மட்டும் தெரிகிற வேலை என்பதால்தான் இதில் ஒட்டிக்கொண்டேன்.

வேலை தொடங்கும்முன் மைக்கை விரலால் தட்டி, ஒன்றிலிருந்து நாற்பதுவரை ஒரே மூச்சில் எண்ணுவார். ஹலோ கிலோ எல்லாம் கிடையாது. நாற்பதைத் தொட்டதும் என் தோளைத் தட்டுவார். நான் கிளப்புவேன்.

ஒருமுறை செலியமேட்டிலிருந்து போன் வந்தது. இன்னார் வீட்டில் சாவு, வந்து சொல்லுங்கள் என்றார்கள். அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் ஒரு வருஷமாகப் படுத்த படுக்கை. இறந்தது அவர்தான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றிவிட்டது. யாரையும் கேட்கவில்லை. மூத்தவர் பெயரைச் சொல்லி, "இயற்கை எய்தினார்" என்று ஒன்பது தெருவிலும் சொல்லிவிட்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனால், பெஞ்சில் கிடத்தியிருப்பது தம்பி. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் அங்கேயே விழுந்திருக்கிறார்.

"போவட்டும் அண்ணா. பொணத்தப் பாக்க வரவங்க பாத்துத் தெரிஞ்சிக்குவாங்க" என்றேன்.

"இன்னாடா பேசற? ஒன்பது தெருவுல உசுரோட இருக்கறவர சாவடிச்சிட்டு வந்துக்கிறோம். வண்டியத் திருப்பு. சொன்ன தெருவுலயேதான் திருப்பிச் சொல்லணும்."

சித்திரை வெயில். ஒன்பது தெருவிலும் மறுபடி போனோம். "சற்று முன் நான் அறிவித்தது தவறு. பெரியவர் உயிருடன் இருக்கிறார். இறந்தவர் அவருடைய தம்பி. தவறு என்னுடையது." இதையே தெருவுக்கு மூன்று முறை சொன்னார். பிறகு அந்த வீட்டுக்குள் போய், அழுதுகொண்டு படுத்திருந்த அண்ணன்காரரின் காலைத் தொட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னிய எத்தினி மணிக்கிப்பா எடுக்கறதா சொன்ன?" என்று கேட்டார். அந்தத் துக்கத்திலும் பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். இவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு யார் சாவு சொல்ல வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார். யாரு? யாருக்குப் புள்ள? நீ கண்ணால பாத்தியா? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் ஆட்டோ நகராது. பல பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் திருப்பத்துக்கு ஒரு பிராந்திக் கடை. எல்லை தாண்டிக் கடலூர்க்காரர்களும் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் ஆனால் ரோட்டோரம் நாலு பேர் தள்ளாடிக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் உறுத்தாது. அவர் அந்தப் பக்கமே போனதில்லை. அவருடைய அப்பா குடித்தே போனவர். அதை அவர் சொல்லிக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில் வேலை முடிந்து குவார்ட்டர் நீட்டினால், "எனுக்கு ஒரு டீ சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு ஐப்பசியில் பேச்சு மாறியது. காலையில் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் நாலாவது தெருவுக்குப் போவதற்குள் குரல் மூக்கால் வரும். 'ல'வும் 'ர'வும் குழையும். இடது இமை சரிந்து பாதிக் கண்ணை மூடிக்கொள்ளும். "ரெண்டு கோபுரமா தெரியுதுடா" என்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பார். சாப்பிடும்போது நாலு வாய்க்குமேல் மெல்ல முடியாமல், தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படுத்து எழுந்தால் மறுபடி சரியாகிவிடும். அதனால் யார் வேலை சொல்ல வந்தாலும், "காலையில வச்சிக்கலாமே" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரே மூச்சில் எண்ணும் நாற்பது முப்பதானது. முப்பது இருபத்தாறானது. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

கூடவே இருந்த நானும் சந்தேகப்பட்டேன். அதை மறைக்க முடியாது. ஒரு சாயங்காலம் அபிஷேகப்பாக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒயரைச் சரி பார்க்கிற மாதிரி அவர் முகத்துக்குக் கிட்டே குனிந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் பின்கழுத்தைப் பிடித்து இழுத்து, என் மூக்கின்மேல் வாய் திறந்து ஊதினார்.

"நல்லா மோந்து பாருடா" என்றார்.

பாக்கு வாசனை வந்தது. நான் முன்னால் போய் வண்டியைக் கிளப்பினேன்.

செலியமேட்டுத் தீமிதியில்தான் அது நடந்தது. நாலு தென்னை மரத்தில் நாலு ஹாரன் கட்டியிருந்தோம். தீ மிதிப்பவர்களின் பெயரை வரிசையாகக் கூப்பிட வேண்டும். ஒரு பெயர் தப்பினாலும் வரிசை கலைந்துவிடும். சாயங்காலம் வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை, தீமிதியைக் காலையிலா வைப்பார்கள்? பத்துப் பெயர் ஒழுங்காகச் சொன்னார். பிறகு நாக்கு புரளவில்லை. ஒரு பெண்ணின் பெயரை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் நின்றார். தலை தொங்கியது. இரண்டு இமையும் விழுந்துவிட்டன. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

விழாக் கமிட்டியில் ஓர் உரக்கடைக்காரர் இருந்தார். அவர் மேடைமேல் ஏறி மைக்கைப் பிடுங்கினார்.

"அம்மன் சந்நிதியில குடிச்சிட்டு வந்து மைக் புடிக்கிறான்! கண்ணத் தொறக்க முடியல, வாயத் தொறக்க முடியல. இவன எவன்யா கூப்ட்டது? எறக்குங்க கீழ!"

நாலு ஹாரனிலும் அது போயிற்று. அறுவடை முடிந்த வயல்களைத் தாண்டி அடுத்த ஊர்வரை கேட்டிருக்கும். இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் கைகொடுத்து இறக்கினார்கள். இறக்கும்போது ஒரு விரலால் இமையைத் தூக்கிக்கொண்டு அவர் என்னைத் தேடினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு மைக் என் பக்கத்திலேயே இருந்தது. பொத்தானைத் தள்ளி, "இவர் குடிக்கல" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வீட்டில் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. விடிந்ததும் அண்ணி, அவருடைய மனைவி, எனக்குப் போன் பண்ணினார். மூன்று பேருமாகப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கெங்கோ அனுப்பி, கடைசியில் நரம்பு பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தோம். சின்ன வயசு. அவர் ஒரு கையுறையில் பனிக்கட்டியைப் போட்டு முடிந்து, சரிந்த இமைமேல் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்தபோது இமை மேலே ஏறியிருந்தது. அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, மூச்ச நல்லா இழுத்து, ஒரே மூச்சுல ஒன்னு ரெண்டு எண்ணுங்க பாக்கலாம்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது நம்ம தொழில் தாம்மா."

பதினெட்டில் நின்றுவிட்டது. அவர் முகத்திலிருந்த சிரிப்பும் அங்கேயே நின்றது.

ஸ்கேன் எடுத்தபின் டாக்டரம்மா விளக்கினார். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பைக் காவல் காக்கும் அணுக்களைச் சின்ன வயசில் பழக்கிவிடும் இடம் அது. வயசானால் தானாகச் சுருங்கிவிடும். இவருக்கு அதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அதனால் அந்தக் காவலே சொந்த உடம்பை எதிரி என்று நினைத்துக்கொண்டு, நரம்பும் தசையும் சேர்கிற இடத்தைக் கெடுக்கிறது. நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேரவில்லை. வேலை செய்யச் செய்ய இன்னும் மோசமாகும்.

"ஆரனும் நல்லா கீது, ஒயரும் நல்லா கீது. ஜாயின்ட்டுல லூசு" என்றார் அவர்.

"அதேதான் ஐயா! நான் ஸ்டூடண்ட்சுக்கு இப்படியே சொல்லித் தரலாம் போல இருக்கு."

"எல்லாருக்கும் வர நோவாம்மா இது?"

"இல்ல. ரொம்ப அபூர்வம். இந்தக் கட்டிய பாக்காமலே ரிட்டயர் ஆன டாக்டருங்க நெறைய பேரு இருப்பாங்க."

"குடிச்சா வருமா?"

"குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது."

"அத ஒரு சீட்டுல எழுதித் தாங்கம்மா. தமிழ்ல எழுதுங்க."

டாக்டரம்மா முதலில் சிரித்தார். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் எழுதினார். 'இவருக்கு இருப்பது நோய். கண் சொருகுவதும் நாக்கு குழறுவதும் அந்த நோயால்தான். குடியால் அல்ல.' கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். சீட்டை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது சொன்னார். "நாலு ஆரன்ல சொன்னானுங்க. நாலு ஆரன்லதான் திருத்தணும். சரியாயி வந்து நானே சொல்றன்."

நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. போனில் அலாரம் அடிக்கும். எந்தத் தெருவில் இருந்தாலும் வாயில் போட்டுக்கொள்வார். ஆபரேஷனுக்குமுன் அவரை மெஷினோடு சேர்த்து, ரத்தத்தில் இருந்த கெட்டதைப் பிரித்து எடுத்தார்கள். பிறகு நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்தார்கள். ஐந்து நாள் வாயில் குழாயோடு கிடந்தார். மூச்சு மெஷின்தான் விட்டது. குழாயை எடுத்து, பேச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நெஞ்ச கம்பி போட்டுக் கட்டிக்கிறாங்களாம்டா. இனிமே மேல ஒரு ஆரன் வச்சாப் போதும்."

நானும் அண்ணியும் சிரித்தோம். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அப்போது அவருக்குத் தெரியாது. கட்டி, பக்கத்தில் இருந்த நுரையீரல் உறைமேலும் படர்ந்திருந்தது. எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிறது. கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்ட், வைக்க வேண்டும், ஊசி மருந்தும் ஏற்ற வேண்டும். அதை அவரிடம் சொல்லும்படி டாக்டரம்மா என்னை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. கடைசியில் அண்ணிதான் சொன்னார்.

கரண்ட் வைக்கத் தினமும் காலையில் அழைத்துப் போவேன். "எத்தினி வோல்ட்டுன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சொல்ல மாட்டேங்குது" என்பார். வழியில் பின்சீட்டிலிருந்து எண்ணுவார். இருபத்திரண்டு. இருபத்தைந்து. ஒரு நாள் இருபத்தெட்டு.

"இப்பவே போயி சொல்லிட்டு வந்துடலாம் அண்ணா. குரல் தெளிவாத்தான் இருக்குது" என்றேன்.

"நாப்பது வரட்டும். திருத்தம் சொல்ற எடத்துல ஒரு எழுத்து கொழறுனாலும் போதும் அவனுங்களுக்கு. 'பாத்தியா, இன்னிக்கும் போட்டுட்டு வந்துக்கிறான்'னுவானுங்க."

இதற்கிடையில் செலியமேட்டுக்காரர்கள் பாகூரிலிருந்து வேறு செட்டை அழைக்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் ஒருவர் என்னிடம், "உங்க ஆளு குடிச்சிக் குடிச்சி நெஞ்சத் தொறந்து ஆப்ரேஷனாமே?" என்று கேட்டார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

முப்பத்தொன்றுவரை போனார். அதற்குமேல் ஏறவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. இருபத்திரண்டு, பதினேழு என்று இறங்கியது. ஒரு காலையில் ஆட்டோவில் ஏறியவர் எண்ணவில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து முன்பக்கம் நீட்டினார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

"நீ சொல்லிடுடா" என்றார்.

நான் கண்ணாடியில்தான் அவரைப் பார்த்தேன். இடது இமை விழுந்திருந்தது. "இன்னாண்ணா நீங்க. சரியாயி வந்து நீங்களே சொல்லுவீங்க" என்றேன்.

கேட்பவர்களுக்கு அது ஆறுதல் மாதிரி இருக்கும். அவர் பதினாலு வருஷம் என் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். சீட்டை என் தோள்மேல் வைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். காற்றில் பறக்கப் போனதைப் பிடித்து நான் என் பையில் வைத்தேன்.

நான்காம் நாள் மூச்சு முட்டி, மறுபடி குழாய் வைத்தார்கள். இந்தத் தடவை எடுக்கவில்லை.

பாகூர் செட்டுக்காரர் நல்ல மனிதர். தானே வந்து, "சாவுச் சேதிய பென்டிரைவ்ல நம்ம பையன் குரல்ல பதிஞ்சி தரேன். ஓட்டிக்கினே போங்க" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "ஊருக்கெல்லாம் வாயால சொன்னவருப்பா. அவுரு சேதிய டப்பாவா சொல்லும்?" என்று மட்டும் கேட்டார்.

பாகூர்க்காரரை ஆட்டோ ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்சீட்டில் ஏறினேன். அங்கே உட்கார்ந்தால் தெரு முழுதும் நம்மைப் பார்க்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தவளக்குப்பத்தில் மைக்கைத் தட்டினேன். எண்ணத் தோன்றவில்லை. அவருடைய பெயரைச் சொன்னேன். யாருக்குப் பிள்ளை என்று சொன்னேன். இன்று காலை இயற்கை எய்தினார், இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு என்றேன். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அபிஷேகப்பாக்கத்திலும் எப்படியோ சொல்லி முடித்தேன். உள்ளங்கை ஈரத்தில் மைக் வழுக்கிக்கொண்டே இருந்தது.

செலியமேட்டில் கோயில் தெரு முனையில் நிறுத்தச் சொல்லிச் சீட்டை எடுத்தேன். உரக்கடைக்காரர் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு, "இந்த ஊரில் நடந்த தீமிதியில் அவர் குடித்திருந்ததாக மைக்கில் சொல்லப்பட்டது. அது தவறு" என்று தொடங்கினேன். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 'நோய்' என்ற வார்த்தை வரவில்லை. தொடங்கித் தொடங்கி நின்றேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. 'குழறுவதும்' என்பதையே குழறினேன். எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாமல் முடித்தபோது, டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அட, அவன் செத்த துக்கத்துல இவன் காலையிலயே போட்டுட்டு வந்துட்டான்டா!"

பெரிதாகச் சிரித்தார்கள். சாவு சொல்லும் வண்டி என்பதால் பிறகு அடக்கிக்கொண்டார்கள். உரக்கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் கிட்டே வந்து, "எத்தினி மணிக்கிப்பா எடுக்கறாங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நாலு மணிக்கு என்றேன். அதுகூடச் சரியாக வரவில்லை.

பாகூர்க்காரர் வண்டியைக் கிளப்பினார். தெருக்கோடிவரை போனோம். அங்கே வலது பக்கம் திரும்பினால் பாகூர் ரோடு. சீட்டு என் கையில் வியர்வையில் நனைந்து, முத்திரையின் ஊதா மை விரலில் ஒட்டியிருந்தது.

"வண்டியத் திருப்புங்க" என்றேன்.

"இன்னாபா, எதுனா வுட்டுட்டியா?"

"திருப்புங்கண்ணா. மொத வூட்லருந்து."

அவர் திருப்பினார். டீக்கடையில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் மைக்கை விரலால் தட்டினேன். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தேன்.